ஏழாம் கட்டத்தில் எட்டாம் குழந்தை

கணினித் திரையில் கட்டம் போடுவதுதான் அவள் பிழைப்பு. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கட்டம்மா. எத்தனை வருஷம் ஆகியும் ஒரு வியப்பு மட்டும் அவளுக்குத் தீரவில்லை. திரையில் எங்கே வைத்தாலும் கட்டங்கள் உள்ளுக்குள் தங்களுக்கென்று ஒரு வரிசையில் நிற்கும். முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று எண் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு வரி நிரல் போதும், அத்தனையும் உயிர் பெற்றுவிடும். "எப்படி நிக்குது பாரேன்" என்று வாயைப் பிளப்பாள். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள் அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, கட்டம்மா மென்பொருள் எழுதிக் கொடுத்த மருத்துவமனையிலேயே ஏழாம் இன்குபேட்டரில் கிடந்தது. ஒவ்வொரு இன்குபேட்டரின் சூட்டையும் நர்ஸ் மேசைத் திரையில் அதே எண்ணுள்ள ஒரு கட்டம் காட்டும். அன்று காலை பார்க்க வந்த கட்டம்மா, ஒன்பதாம் கட்டத்தின் ஓரம் தலைப்புக்கு அடியில் மறைந்திருப்பதைக் கவனித்தாள். சும்மா இருக்க முடியுமா? அந்தக் கட்டத்தை எல்லாவற்றுக்கும் மேல் அடுக்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்காவோடு போய் உட்கார்ந்தாள்.

மதியம் ஏழாம் கட்டம் சிவந்தது. சூடு இறங்கிக்கொண்டே போனது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் ஓடிப்போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கதகதன்னுதாம்மா இருக்கு. மெஷின் ஏதோ உளறுது."

கட்டம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் காலையில் தான் மாற்றிய கட்டம் நினைவுக்கு வந்தது. மெஷின் உளறாது. மேல் அடுக்குக்கு ஏறிய ஒன்பதாம் கட்டம் உள்வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கும். அதற்கு முன்னால் நின்றவையெல்லாம் ஓரிடம் பின்னே தள்ளிப் போயிருக்கும். அவள் நிரலோ எண்ணைத்தான் கூப்பிடும், யார் நிற்கிறார் என்று பார்க்காது. எட்டாம் இன்குபேட்டரின் சூட்டைக் காட்ட எட்டாவது ஆளைக் கூப்பிட்டதற்கு ஏழாம் கட்டம் ஆஜர் சொல்லியிருக்கிறது.

"சிஸ்டர், எட்டைப் பாருங்க. குளிர்ல கிடக்கிறது எட்டாம் குழந்தை."

எட்டில் பிளக் கழன்று கிடந்தது. கையளவு உடம்பு, நீலம் பாரித்த உதடு. நர்ஸ் வாரி எடுத்து வேறு இன்குபேட்டருக்கு மாற்றினாள். கண்ணாடிக்கு இப்புறம் கட்டம்மா மூச்சுவிடாமல் நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் ஏறியது. அப்புறம் அந்த இத்தனூண்டு வாய் திறந்து ஓர் அழுகை வந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய குரலா என்று பிரமித்துப் போனாள்.

மேசைக்குத் திரும்பி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் வைத்து, இனிமேல் பெயர் சொல்லியே கூப்பிடும்படி நிரலை மாற்றினாள். நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம பிள்ளைக்குத்தான் ஒண்ணுமில்லையேடி, ஏன் அழறே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லைன்னு கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுக்கா" என்றாள் கட்டம்மா. "அந்த நேரம் பூரா அந்த எட்டாம் குழந்தை குளிர்ல கிடந்துச்சு."