பிட்டோ குழாயில் வெள்ளிப் பெயிண்ட்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. மேரிசெல்வி அங்கே பதினான்கு வருஷமாக லேப் இன்ஸ்ட்ரக்டர். ஊர் மரக்காணம். டிப்ளமோ படித்தவர்தான், ஆனால் புதிதாகச் சேரும் லெக்சரர்களுக்கும் மெஷினை ஓட்டிக் காட்டுவது அவர்தான்.

காற்றோட்ட லேப் அவர் பொறுப்பு. ஒரு பெரிய ஃபேன், இருபதடித் தகரக் குழாய், அதற்குள் நுழைத்துக் காற்றின் வேகத்தை அளக்கும் மெல்லிய பிட்டோ குழாய், அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர். காற்று வேகமாகப் போனால் தண்ணீர் ஏறும்.

உப்புக்காற்றில் தகரம் அரித்துப் போகிறது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். பதிலே இல்லை. இந்த வருஷம் ஆய்வுக்குழு வருகிறதென்றதும், அவர் லீவில் இருந்த நாளாகப் பார்த்து முதல்வர் பெயிண்டரை அனுப்பிவிட்டார்.

குழு வரும் நாள் காலை மேரிசெல்வி ஃபேனைப் போட்டார். தண்ணீர் அசையவில்லை. ரப்பர் டியூபில் ஓட்டை இருக்குமோ என்று தடவித் தடவிப் பார்த்தார். திரும்பினால், லேபுக்கு வந்திருந்த மாணவர்கள் முப்பது பேரும் நோட்டில் அட்டவணையை நிரப்பி முடித்திருந்தார்கள்.

"கலைமதி, தண்ணி ஏறவே இல்ல. ஒன்பது புள்ளி ரெண்டுன்னு எழுதியிருக்கியே, எங்கருந்து வந்துது?"

"சீனியர் ரெகார்டுல இருந்துது மேடம்."

"அவங்களுக்கு?"

"அவங்க சீனியர் குடுத்தது மேடம்."

மேரிசெல்வி ஃபேனை நிறுத்தினார். பிட்டோ குழாயை உருவிப் பார்த்தார். நுனியிலிருந்து பக்கத் துளைகள் வரை பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். ஒரு துளைகூடத் திறந்திருக்கவில்லை.

ஊசியும் தின்னருமாகச் சுரண்டிக்கொண்டிருந்தபோது குழு வந்துவிட்டது.

"என்னம்மா, இன்னைக்குன்னு பாத்துக் கழட்டி வச்சிருக்கீங்க?" என்று முதல்வர் பல்லைக் கடித்தார்.

"நீங்க அடிக்கச் சொன்ன பெயிண்ட்தாங்க சார்."

குழுவில் ஒருவர் தகரக் குழாயைத் தட்டிப் பார்த்து, "புது எக்யூப்மென்ட்டா?" என்றார். முதல்வர் சிரித்தபடி தலையாட்டினார். கேட்டவர் அப்படியே குறித்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மேரிசெல்வி சாப்பிடவில்லை. முப்பது நோட்டிலும் சிவப்புப் பேனாவால் அட்டவணையை அடித்தார். "எல்லாரும் மறுபடி எடுக்கணும். பஸ் போனாப் போவுது."

இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறியது. பையன்களும் பெண்களும் முண்டியடித்துக் குனிந்தார்கள். குழாயின் சுவரோரம் வேகம் குறைவு, நடுவில் அதிகம். ஒரு பேட்ச்சின் ரீடிங் இன்னொரு பேட்ச்சோடு பொருந்தவில்லை.

"எது மேடம் கரெக்டு?"

"நீ கண்ணால பாத்தத எழுது. அதான் கரெக்டு."

நாலு மணிக்குக் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். கொஞ்சம் மனசு ஆறியிருந்தது. மணிகண்டன் நோட்டு வந்தது: வேகம், விநாடிக்கு முப்பத்தெட்டு மீட்டர். தண்ணீர் ஏறிய மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராகப் போட்டிருந்தான்.

"டேய், இது அன்னைக்கு நம்ம பக்கம் 'தானே' புயல் அடிச்ச வேகம்டா! இந்த லேப்ல அப்படிக் காத்து அடிச்சிருந்தா நீ இங்க நின்னுட்டிருப்பியா?"

"கால்குலேட்டர்ல அப்படித்தான் வந்துது மேடம்."

மேரிசெல்வி பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. முதல்லேர்ந்து போடு."