ரூபாவதி மேடத்தின் முதல் கேள்வி

காட்பாடியில் ரயிலுக்காக நின்றிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. ரூபாவதி மேடம் காலமாகிவிட்டார். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. இனி அந்த வங்கி அலைச்சலெல்லாம் என் ஒருத்தி தலையில் என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதைச் சொல்லாமல் என்ன செய்ய?

தொடக்கப் பள்ளி ஆசிரியைகளை உருவாக்கும் பயிற்சி நிறுவனம் எங்களுடையது. இருவரும் அங்கே விரிவுரையாளர்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஷூ கம்பெனியில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத்தான் படிக்க வருவார்கள். நான் சேர்ந்த புதிதில் செல்வி என்றொரு மாணவிக்கு உதவித்தொகை வரவேயில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனிக்கே திரும்பிவிட்டாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கம்பெனிச் சம்பளத்துக்காகத் திறந்த பழைய கணக்கில்தான் அவளுடைய ஆதார் இணைந்திருந்தது. அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்ததால் பணம் போன வழியே திரும்பிவிட்டது. டீச்சராகப் போகிறவள் செருப்புக்குப் பசை தடவினாள் என்று தெரியக் கூடாதென்று, அந்தக் கணக்கைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அது தெரிந்த அன்று மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மாலையில் கம்பெனி வாசலில் போய் நின்றார். "கல்யாணம் பேசிட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு செல்வி ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாளாம்.

அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் மேடத்தின் முதல் கேள்வி இதுதான்: "யார் யாரு கம்பெனிக்குப் போனீங்க? கை தூக்குங்கம்மா." ஒருத்தியும் தூக்கமாட்டாள். உடனே தம் கையைத் தூக்குவார். "இன்னா வெக்கம்? நானும் பசை தடவினவதான்." அப்புறம் கைகள் ஒவ்வொன்றாக எழும். கை தூக்கியவர்களைக் கூட்டிக்கொண்டு, ஆதாரைப் புதுக் கணக்கோடு இணைக்க வங்கிக்குப் போவோம். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பார்கள். மறுநாளும் போவோம். நான் முணுமுணுத்தால், "பேஜாராதான் இருக்கும். பேசாம வா" என்பார்.

இறுதிச் சடங்கில் அவருடைய தங்கையிடம் இதையெல்லாம் சொல்லி அழுதேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அக்காவா? கம்பெனிக்குள்ள கால் வெச்சதே இல்லம்மா. நான்தான் போனேன். என் சம்பளத்துலதான் அக்கா டீச்சர் டிரெய்னிங் முடிச்சாங்க."

நேற்று புது மாணவிகள் முன் நான் நின்றேன். மேடத்தின் கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். என் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே ஊழியர். கம்பெனிப் பசையை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கையைத் தூக்கினேன்.

"நானும் பசை தடவினவதான்" என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது.

போய் வாருங்கள், மேடம். நாளை அந்தப் பெண்ணோடு வங்கிக்குப் போகிறேன். "நாளைக்கு வாங்க" என்பார்கள். மறுநாளும் போவோம்.