சிவகாசியிலிருந்து இண்டோலா போன மஞ்சள் மூலைக் காலண்டர்

ஜாம்பியாவின் இண்டோலா நகரில் புவியியல் வாத்தியாராக இருந்த எனக்கு 1967-இல் மூன்று மாத விடுப்பு கிடைத்தது. ஊருக்குப் போகிறேன் என்றதும், அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த கிரேக்கர் ஒருவர், ஆயிரம் காலண்டர் அடித்து அனுப்பும்படி பொறுப்பை என் தலையில் கட்டினார். புத்தாண்டுக்கு முன் வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகு காலண்டரை யார் சீண்டுவார்கள்? அக்டோபர் நடுவில் பம்பாயில் கப்பல். தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் இறக்கி, ஆயிரம் மைலுக்கு மேல் லாரியில் வர வேண்டும். டிசம்பர் மழையில் அந்த மண் சாலை சேறாகிவிடும்.

செப்டம்பரில் மதுரையிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் கிளம்பினேன். முப்பது மைல் தாண்டி விருதுநகர் வருவதை மூக்குதான் முதலில் சொன்னது. மல்லி, வத்தல், பருப்பு என்று தெருவெல்லாம் மூட்டைகள். விளைவது வேறெங்கோ, விலை போடுவது இங்கே. மாகாணத் தலைநகரான எங்கள் இண்டோலாவும் அப்படித்தான். செம்பை வெட்டுவது பெரும்பாலும் சுற்றியுள்ள சுரங்க ஊர்களில். சுத்திகரித்து ரயிலேற்றுவது இண்டோலாவில். நாலாயிரம் அடி உயரம், நல்ல காற்று, கூப்பிடு தூரத்தில் காங்கோ எல்லை. விருதுநகருக்கு அந்தக் காற்று இல்லை. ஆனால் புரோட்டா இருக்கிறது, அதனால் மன்னித்துவிட்டேன்.

அங்கிருந்து சிவகாசி பதினாறு மைல். அச்சக முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா? சீசன் நேரம், தலைக்கு மேல வேலை. இருந்தாலும் மழைக்கு முந்தி முடிச்சிருவோம்."

ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம் ஏற்ற முடியும். வறண்ட காற்றுதான் இந்த ஊரின் மூலதனம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எந்த வேலையானாலும் முதல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைப்பது அங்கே வழக்கம். "இதுதான் ராசியான தாளு, இதையே அனுப்புங்க" என்றார் முதலாளி. விமானத் தபாலில் கிரேக்கருக்கு அனுப்பினேன். சம்மதம் எப்படியும் வரும் என்று முதலாளி ஆயிரத்தையும் அடித்துவிட்டார்.

அக்டோபரில் கிரேக்கரின் தந்தி வந்தது. படம் பிரமாதமாம். மூலையில் இருக்கும் அந்தப் பொன்னிறம் எல்லாவற்றிலும் கட்டாயம் வேண்டுமாம்!

புது நிறம் ஏற்றிக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். பம்பாய் லாரியோ மறுநாள் கிளம்புகிறது. தீபாவளி லோடு ஓடும் நேரத்தில் வேறு லாரி கிடைக்காது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்த சீனியம்மாள் தலை நிமிராமல் சொன்னார்: "எதுக்கு மொதலாளி மையும் மிசினும்? மொதத் தாளுக்குத் தடவுனது நான்தான. ஆயிரத்துக்கும் தடவிட்டாப் போச்சு."

முதலாளி சிரித்தார். பிறகு மஞ்சள் வாங்கி வர ஆள் அனுப்பினார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தடவினார்கள். நானும் கை கொடுத்தேன். என் மூலைகள் கோணலாக இருப்பதாகச் சொல்லி, காயவைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"மழை வந்திருமோ?" என்று சீனியம்மாளிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு வெம்பக்கோட்டையில பருத்தி போட்டுட்டு மழைக்கு வேண்டிக்கிட்டு இருக்காரு. இங்கன நான் வேண்டாம்னு வேண்டுறேன். சாமி யாரு பேச்சத்தான் கேக்கும்?"

மறுநாள் மதியம் தார்ப்பாய் கட்டிய லாரி தெருமுனை திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பெரிய தூறல் விழுந்தது. "லோடு போயிருச்சுல்ல, இனி நல்லா பேயட்டும்" என்று சீனியம்மாள் நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தார். எனக்கும் அந்த மழை பிடித்திருந்தது.

சிவகாசிக்கு ஆர்டரோடு போகிறவர்கள் ஐப்பசிக்கு முன்பே போய்விடுங்கள். தீபாவளிச் சமயத்தில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். விருதுநகரில் தங்கி முதல் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. ராசியான தாளைக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, தபாலுக்கு இன்னொரு தாள் கேளுங்கள்.

காலண்டர் கட்டுகள் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, கொட்டும் மழையில், இண்டோலா வந்து சேர்ந்தன. பிரித்ததும் கடை முழுக்க மஞ்சள் வாசனை. மையில் வாசனை கலக்கும் வித்தையைக் கேட்டு கிரேக்கர் என்னைத் துளைத்தெடுத்தார். அடுத்த வருஷத்துக்கும் அப்போதே ஆர்டர் கொடுத்தார்.

கட்டுகள் மழையில் வந்து சேர்ந்ததையும் புது ஆர்டரையும் முதலாளிக்கு எழுதினேன். அவருடைய பதில் அட்டையின் கடைசியில் இப்படி இருந்தது: "வெம்பக்கோட்டையில் பருத்தி நல்ல விளைச்சல். உங்க இண்டோலாவுல மழை எந்த மாசம் பேயும்னு சீனியம்மா கேக்கச் சொல்லுச்சு. அதுக்குத் தக்கன அடுத்த வருசம் சாமிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்குமாம்."