அட்டவணையில் இல்லாத செவ்வாய்க்கிழமை

கடலில் மிதக்கும் கருவிகள் அலைகளின் உயரத்தை ஓயாமல் அளந்து அனுப்புகின்றன. எப்போதாவது ஓர் அலை, சுற்றியுள்ள அலைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் எழுந்துவிடும். கணினி அதைக் கருவியின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடும். அப்படி நீக்கப்பட்டவற்றில் எவை உண்மையான அலைகள் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. அப்பாவுக்கு மறதி நோய் என்று தெரிந்ததும் சென்னையிலிருந்து காரைக்குடிக்கே வந்துவிட்டேன். மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

அப்பா தேவகோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். என்ன வேலை பார்க்கிறாய் என்று தினமும் கேட்பார், சொன்னதும் தினமும் சிரிப்பார்.

“கடலே இல்லாத ஊர்ல உக்காந்து அலைய எண்றியாக்கும்?”

சில நாள் நான் யாரென்று தெரியாது. அன்றைக்கு மாணவியின் அம்மா என்று நினைத்துக்கொள்வார், மரியாதை கூடிவிடும். “வாங்க, எங்குட்டுருந்து வாரீக? மக எத்தனாப்பு?” என்பார்.

“எட்டாப்பு சார். கணக்கே வரமாட்டேங்குது.”

“வரும், வரும். நீங்க அவள அடிக்காதீக.”

மாலையானால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று வாசலுக்குப் போவார். தடுத்தால் கடுங்கோபம். மதுரை மருத்துவர் அதற்கு ஒரு மாத்திரை கொடுத்து, என்ன நடக்கிறதென்று எழுதிவரச் சொன்னார். எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. எழுந்த நேரம், சாப்பிட்டது, வாசலுக்குப் போன தடவைகள், கோபப்பட்ட தடவைகள் என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முதல்நாள் அதை ஒரே பக்க அட்டவணையாக்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் ஒட்டவில்லை. அன்று பிற்பகல் காபி குடித்துக்கொண்டிருந்தவரின் கை விறைத்து, டம்ளர் விழுந்தது. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அரைமணி நேரத்தில் தானாகவே சரியாகி, எழுந்து நடந்தார். அதற்கு முன்னும் அப்படி நடந்ததில்லை, பின்னும் இல்லை. வெகுநேரம் உட்கார்ந்ததில் மரத்துப்போயிருக்கும் என்று அந்த வரியை எடுத்துவிட்டேன். எந்தக் கணினியை என் கட்டுரைகளில் குறை சொல்கிறேனோ, அது செய்வதைத்தான் செய்தேன். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. அட்டவணை சீராக இருந்ததில் திருப்திகூட.

மருத்துவர் பாராட்டினார். “கோபம் கொஞ்சந்தான் கொறஞ்சிருக்கு. வேற தொந்தரவு ஒண்ணும் இல்லையே?”

கூட வந்திருந்த அம்மா என்னைப் பார்த்தாள். “எல்லாம் அதுலயே இருக்கு டாக்டர்” என்றேன். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அந்த வாரமே, குளியலறைக்குப் போகும்போது அடுத்த அடி எடுத்துவைக்க முடியாமல் அப்பா அப்படியே சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அம்மாவை அவரோடு விட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் தனியாகப் போனேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். மாத்திரையால் வந்த விறைப்பாக இருக்கலாம், தெரிந்திருந்தால் கூட்டியிருக்கமாட்டேன் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் அதே பேச்சு. “டம்ளர் விழுந்தத இவ எழுதித்தான் குடுத்தா. கூட்டத்துல டாக்டரு கவனிக்கல. நாந்தேன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.” சொல்லிவிட்டு அழுவாள். நான் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் வரை அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் பூசை முடிந்து வந்து அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“அம்மா, அட்டவணையில அது இல்ல. நான் எடுத்துட்டேன்.”

“எது?”

“டம்ளர் விழுந்தது. ஒரு தடவதானேன்னு.”

அவள் கை நிற்கவில்லை. காய் முழுவதையும் நறுக்கி முடித்த பிறகுதான் பேசினாள்.

“வர்றவுக போறவுககிட்ட எல்லாம் நான் சொல்லி அழுதப்ப, நீ பக்கத்துலதான ஆத்தா நின்ன?”

“ஆமா.”

அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் ஆகியிருந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நானும் எழுந்தேன்.

“வேணாம். அவுகள நானே பாத்துக்கிறேன்.”

உள்ளே அவள் மூச்சுவாங்குவது கேட்டது. கட்டில் நகர்ந்தது. அப்பா “மெதுவா, மெதுவா” என்றார்.

“இங்குட்டு வா” என்றாள் அம்மா. “கால் பக்கம் பிடி.”

போய்ப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.