உப்பில்லாத கோழி

நியேவெஸ் சிப்பி விற்பவள். ஆற்றில் மூங்கில் நட்டு வளர்த்த சிப்பிகளைக் கழுவிக் கூடையில் அள்ளி, விடிந்ததும் ரோஹாஸ் சந்தைக்குக் கொண்டுபோவாள். அறுபத்திரண்டு வயதிலும் அவளோடு பேரம் பேசி ஜெயித்தவர் எங்கள் ஆற்றங்கரையில் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். கணவன் கிறிசாந்தோ அவளோடு வாதாடுவதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது.

மகன் ஜோமாரியின் கழுத்து இடப்பக்கமாகத் திருகிக்கொள்ளத் தொடங்கிய வருடம் அது. பிறகு தாடை தானாகத் திறந்துகொண்டது. சோறு வாயில் நிற்கவில்லை. மந்திரிக்கிற கிழவர் வந்து வீட்டைச் சுற்றி நடந்தார். கொல்லையில் நின்று, "இங்க என்ன மரம் இருந்தது?" என்று கேட்டார். லுனோக் மரம் இருந்தது, விழுதுவிட்டுப் பெருத்த மரம். பன்றிக் கொட்டகை போடுவதற்காக கிறிசாந்தோதான் வெட்டினான். நம்மைப் போல் இல்லாதவர்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள், அதில் குடியிருந்தார்கள் என்றார் கிழவர்.

"உன் கோடாலிதான்யா என் பிள்ளை கழுத்தைத் திருகுச்சு" என்றாள் நியேவெஸ். அன்றைக்கு மட்டுமல்ல.

அதன்பின் அவன் கோடாலியைத் தொடவில்லை. விறகை விலைக்கு வாங்கினான். மாதம் ஒரு வெள்ளைக் கோழி அறுத்துச் சமைத்தான். அவர்களுக்கு உப்பு ஆகாது என்பதால் உப்புப் போடமாட்டான். வெட்டிய மரத்தின் அடிமரத்தின் மேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி நின்று மன்னிப்புக் கேட்பான்.

இந்த வருடம் நியேவெஸ் ஜோமாரியை ரோஹாஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே புதிதாக வந்த டாக்டரம்மா அவனை நடக்கவைத்துப் பார்த்தாள். விரல்களைத் திறந்து மூடச் சொன்னாள். மோவாயை அவன் ஒரு விரலால் தொட்டால் வாய் கொஞ்சம் மூடுவதைக் கவனித்தாள்.

"உங்க பிறந்த வீட்டுப் பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்ததா?"

"இல்லை" என்றாள் நியேவெஸ். பிறகு, "எங்க தாய்மாமா ஒருத்தர் காலை இழுத்து நடப்பார். குடிகாரர்னு சொல்வாங்க" என்றாள்.

"குடிப்பாரா?"

நியேவெஸ் யோசித்தாள். "நான் பார்த்ததில்லை."

ரத்தம் எடுத்து மணிலாவுக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"ஊர்ல முறுக்கு வியாதின்னு சொல்றீங்களே, அதுதான். ரத்தத்துல இருக்கு. தாடை தளர ஊசி போடலாம், கொஞ்ச மாசம் தாங்கும். இது அப்பாகிட்டருந்து மகனுக்குப் போகாது. அம்மா வழியாத்தான் வரும். பொம்பளைகளை அனேகமா ஒண்ணும் பண்ணாது. உங்க தப்பு இல்லைம்மா, யாரோட தப்பும் இல்லை." பிறகு, "பொண்ணு இருக்காளா?" என்று கேட்டாள்.

"ஒருத்தி, அனலின். கல்யாணம் பேசிட்டிருக்கோம்."

"அவகிட்டயும் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தா அவ பெத்துக்கிற பையன்களுக்குப் போகலாம். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடுங்க."

ஜோமாரியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிற அன்று காலையில்தான் நியேவெஸுக்கு அதைச் சொல்ல வாய் வந்தது. கிறிசாந்தோ கொல்லையில் விருந்துக்கான கோழியின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை அவள் நின்றபடியே சொன்னாள். அவன் கை நின்றது.

"அப்ப அத்தனை கோழியையும் யாருக்குத்தான் குடுத்தேன்?"

"நாய்தான் தின்னுச்சு."

"பாவம் நாய். ஒரு தடவையாவது உப்புப் போட்டிருக்கலாம்."

அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் திட்டியிருக்கலாம். அவன் மறுபடி இறகைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"அனலினுக்குத் தெரியுமா?"

"அவங்க வர்றதுக்குள்ள சொல்லணும்."

"சொல்லாதே."

"சொல்லித்தான் ஆகணும்யா."

அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அனலின் புதுச் சட்டையோடு ஓடிப்போய் மாப்பிள்ளையின் அம்மா கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் ஓர்லிண்டா. பலகாரத்தை எடுக்காமலே பேச ஆரம்பித்தாள். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. அதோ மூலையில பெரியவன் அப்படி உட்கார்ந்திருக்கானே, அது குடும்பத்துல வர்றதா?"

நியேவெஸ் வாயைத் திறந்தாள்.

"குடும்பமாவது ஒண்ணாவது! நான் மரத்தை வெட்டிட்டேன் சம்பந்தி. அடிமரம் பின்னாடிதான் இருக்கு, வந்து பாருங்க" என்றான் கிறிசாந்தோ.

ஓர்லிண்டா சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. "மரம்தானா! எங்க சித்தப்பா புத்துமேல ஒண்ணுக்குப் போயிட்டு ஒரு வாரம் வீங்கிக் கிடந்தார். எது வீங்குச்சுன்னு கேக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அனலின் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். மூலையிலிருந்து ஜோமாரி மோவாயை விரலால் தாங்கிக்கொண்டு ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றாள் ஓர்லிண்டா.

அவன் பேச்சு இப்போதெல்லாம் நியேவெஸுக்கு மட்டும்தான் புரியும். "தங்கச்சிக்குச் சொல்லும்மா" என்றிருந்தான். அனலினும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேக்கிறான்" என்றாள் நியேவெஸ்.

எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயில் வைத்தாள். அவன் கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்தபடி குடித்தான். பாதி கழுத்தில் வழிந்தது. துணியால் துடைத்தாள். பின்னால் கல்யாணத் தேதியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கிறிசாந்தோ, "சந்தையில வெள்ளைக் கோழி கிடைச்சா வாங்கிட்டு வா. மரத்துல இருந்தவங்க மேல பொய் சொல்லிட்டேன்ல" என்றான். அவள் பேரம் பேசாமல் வாங்கி வந்தாள்.

கோழி கொதிக்கையில் அனலின் அடுப்படிக்கு வந்தாள். "உப்புப் போடட்டுமாம்மா?"

"வேண்டாம்."

"ஓ, மரத்துக்கா? அண்ணனுக்கு வேண்டிக்கிட்டீங்களா?"

நியேவெஸ் கரண்டியால் கிளறினாள். "உனக்கு."

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அனலின் சிரித்தாள். உப்பு ஜாடியை மூடி மேல் பலகையில் வைத்தாள்.