நிறுக்காத நூல்

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் ஹஃபீஸா தெர்மாமீட்டரைப் பார்ப்பார். சித்திரை வெயிலில் எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகம் கொதிக்கும். முக்காட்டுக்குள் வியர்வை வழியக் குனிந்திருப்பார். ஒரு கையெழுத்துக்காகப் போன நான், தமிழ்த்துறைக்காரன், தெரியாத்தனமாக ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டேன். "சார், சட்டி உள்ள எரிஞ்சுக்கிட்டிருக்கு, காத்துப் பட்டா கணக்கு மாறிரும். அஞ்சு நிமிசம் நடக்காம நில்லுங்க," என்றார். நின்றேன். எங்கள் முதல்வரையே அப்படி நிற்க வைத்தவர் அவர்.

சட்டி என்பது கனத்த எஃகுக் கலம். அதற்குள் ஏதாவதோர் அமிலத்தையோ அதிலிருந்து செய்யும் வாசனையான எஸ்டரையோ துளியளவு வைத்து, ஆக்சிஜன் அடைத்து, தண்ணீரில் மூழ்கவிட்டுக் கொளுத்துவார்கள். தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்பதிலிருந்து, அந்தப் பொருளுக்குள் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்று கணக்கிடுவார்கள். இருபது வருடமாக ஹஃபீஸாவின் வேலை இதுதான். எஸ்டரை மோந்தே பெயர் சொல்லிவிடுவார். ஆனால் பதவி ஆய்வக உதவியாளர். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் அவர் பெயர் வந்ததில்லை. அதில் எனக்குத்தான் வருத்தம், அவருக்கு இல்லை.

தீப்பற்றவைக்கப் பத்து சென்டிமீட்டர் பருத்தி நூலும் உள்ளே போகும். அது எரிந்த சூட்டைக் கணக்கில் கழிக்க வேண்டும். சென்ற மாதம் பழைய நூல் தீர்ந்தது. விளக்குத்தூண் பக்கம் கடைத்தெருவில் இரண்டு நூல்கண்டு வாங்கினார், லேபுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் பழைய நூலின் எடையையே போட்டுக் கழித்தார். மேலூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி சத்யப்ரியாவுக்காக ஒன்பது முறை எரித்தும் ஆயிற்று. அவள் ஆய்வேட்டைக் கொடுக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் ஆஷிகாவின் சட்டையில் பொத்தான் தைக்க உட்கார்ந்தார். எப்போதும் தைக்கும் ஊசிதான்; புது நூல் காதில் நுழையவில்லை. மறுநாள் காலை யாரும் வருமுன் லேபுக்கு வந்து ஐந்து துண்டு வெட்டித் தராசில் வைத்தார். ஐந்தும் ஐந்து விதமான எடை, எல்லாமே பழையதைவிடக் கனம்.

சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவரே போய்ச் சொன்னார். சத்யப்ரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வித்தியாசம் கொஞ்சம்தானே, சராசரி போட்டுத் திருத்திக்கொள்ளலாம், நோட்டில் பழைய முடிவுகள் இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

"சராசரிய நான் எரிக்கலயே சார். ஒம்போதையும் திரும்ப எரிச்சுத் தாரேன். தேதிக்குள்ள முடிச்சிருவேன்."

எரித்தார். இரண்டு ஞாயிறும் வந்தார். இம்முறை ஒவ்வொரு நூல்துண்டும் தராசைத் தொட்டுவிட்டுத்தான் சட்டிக்குள் போனது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் சத்யப்ரியா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். நானாக இருந்தால் அன்றைக்கு ஊருக்கே மிட்டாய் கொடுத்திருப்பேன்.

ஹஃபீஸா பழைய நோட்டைத் திறந்தார். பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஸ்கேலை வைத்து, அடியிலிருக்கும் எண் தெளிவாகத் தெரியும்படி, ஒவ்வொரு முடிவின்மேலும் ஒரே ஒரு கோடு இழுத்தார். பிறகு அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'நூலை நிறுக்கவில்லை. ஹஃபீஸா' என்று நிறுத்தி நிதானமாக ஒன்பது முறை எழுதினார்.