புனிதாவும் ஆறு வீடுகளும்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்து முனையில் புனிதா அழகு நிலையம் நடத்துகிறார். எதிரே ஆறு பழைய வீடுகள் வரிசையாக நின்றன. நூறு வருடங்களுக்கு முன் ரயில்வே குமாஸ்தாக்களுக்காகக் கட்டியவை. கடைசிக் குடும்பமும் காலி செய்துபோன பிறகு கூரையில் செடி முளைத்தது. சன்னல் கம்பிகளைத் திருடர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்த புனிதாவும்தான்.

ஒரு பொது விடுமுறையன்று காலை அவரிடம் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்திருந்தது. திடீரென்று தரை அதிர்ந்தது. பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். முதல் வீட்டின் முன்சுவரை மண்வாரி இயந்திரம் இழுத்துப் போட்டிருந்தது; கூரையோடு வீடே சரிந்து கிடந்தது.

"லீவு நாள்ல இடிக்கிறான் பாரு. கேக்க ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்கல்ல."

சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்துபோய் இரண்டாவது வீட்டின் முன் நின்றார். இயந்திரத்தின் கை அவர் தலைக்கு மேலே இருந்தது. ஓட்டுநர் பயந்துபோய் எஞ்சினை அணைத்தார். மேற்பார்வையாளர் லோகன் ஓடிவந்தார்.

"ஆன்டி, டேஞ்சர் லா. தள்ளுங்க."

"பெர்மிட் இருக்கா தம்பி?"

"அதெல்லாம் பாஸ் பாத்துக்குவாரு. இது உங்க வீடா?"

"இல்ல."

"பின்ன உங்களுக்கு என்ன?"

"எங்க தோட்டத்து லயத்து வீடுங்கள இடிச்சப்பவும் இதத்தான் கேட்டாங்க. 'கம்பெனி வீடுதானே, உங்க வீடா'ன்னு. எங்கப்பா பதில் சொல்லத் தெரியாம சாமானோட லோரியில ஏறிட்டாரு. நான் ஏறமாட்டேன்."

போலீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லி அவரை அழைத்துப்போனார்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வீட்டில் கணவர் பாலன் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டேஷனுக்குப் போற வயசா உனக்கு?"

புனிதா மறுநாள் காலை கடை நாற்காலியைத் தூக்கிவந்து அந்த வீடுகளின் முன்னால் நடைபாதையில் போட்டார். நடைபாதை பொது இடம். அதிலிருந்து யாராலும் அவரை எழுப்ப முடியவில்லை. வாடிக்கையாளர்களும் அங்கேயே வந்தார்கள். ஒரு கல்யாணப் பெண் ரோட்டோரம் உட்கார்ந்து தலை அலங்காரம் செய்துகொண்ட படம் ஊரெல்லாம் பரவியது. மாநகர் மன்ற அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இடிக்க அனுமதியே வாங்கவில்லை என்று தெரிந்தது. வேலையை நிறுத்தச் சொன்னார்கள்.

வீடுகளை வாங்கியிருந்த கட்டுமான நிறுவனம் சும்மா இருக்கவில்லை. ஒரு வார இறுதியில் மூன்று வீடுகளின் ஓடுகள் காணாமல் போயின. மழை உள்ளே இறங்கினால் வீடு தானே விழுந்துவிடும், இடித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதைப் பார்த்த பாலனுக்குத்தான் இப்போது ஆத்திரம் வந்தது. தன் லோரியின் கேன்வாஸைக் கொண்டுவந்து ஏணி போட்டு மூடினார். அது இரண்டு வீடுகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மூடாமல் விட்ட மூன்றாவது வீடு மழைக்காலத்தில் சரிந்தது. அன்றைக்குத்தான் புனிதா அழுது பார்த்தேன்.

மாநகர் மன்றம் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு இரண்டு வருடம் நடந்தது. மிச்சமிருந்த நான்கு வீடுகளையும் பழுதுபார்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வேலை முடிந்ததும் அதே நிறுவனம் பந்தல் போட்டு விழா எடுத்தது. பாரம்பரியத்தைக் காத்த பெருமை தங்களுடையது என்று பளபளப்பாக ஒரு பலகை. புனிதாவையும் கூப்பிட்டிருந்தார்கள். சேர்ந்து படமெடுத்துக்கொள்ள வரும்படி நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அழைத்தார்.

"ரெண்டு வீடு உங்களாலதான் போச்சுன்னு அந்தப் பலகையில எழுதுங்க. அப்புறம் வரேன்."

"மேடம், விழாவுல இதப் பேசணுமா?"

"விழாவுலதான் பேசணும். மத்த நாள்ல உங்கள எங்க பாக்குறது?"

பலகையில் இன்னும் அதை எழுதவில்லை. அவரும் அந்தப் படத்தில் இல்லை.

போன புதன்கிழமை கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது. போன் செய்தேன்.

"கிள்ளான்ல இருக்கேன். இங்க ஒரு பழைய அச்சாபீஸ இடிக்கிறதுக்குச் சுத்தி தகர வேலி போடுறாங்க. நீயும் கிளம்பி வா. வரும்போது தண்ணி போத்தல் வாங்கிட்டு வா, வெயில் தாங்கல."